வண்டிக்குள் இருக்கும் சாட்சி

தன்மேல் குற்றம் சொல்லும் சாட்சிக்கு மனிதன் என்ன கடன் பட்டிருக்கிறான் என்னும் கேள்வியைச் சமய நூல்களும் தரும நூல்களும் நெடுங்காலமாக விசாரித்து வந்திருக்கின்றன. அரசனுடைய அவையிலும் ஆலயத்தின் சந்நிதியிலும் மனிதனுடைய அந்தரங்கத்திலும் எழுந்த அந்தக் கேள்வி, நம்முடைய காலத்தில், மோட்டார் காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் வடிவத்தில் மஞ்சளாக எரியும் ஒரு சிறு விளக்கிலும் வந்து குடியேறியிருக்கிறது. பழங்காநத்தத்திலிருந்து பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் எந்த ஒர்க்‌ஷாப்பின் வாசலில் சிறிது நேரம் நின்றாலும், "செக் இன்ஜின் லைட் எரியுதுண்ணே, அத மட்டும் அணைச்சுக் குடுத்துருங்க" என்று யாரேனும் ஒருவர் கேட்பதைக் கேட்கலாம். வந்தவருக்குத் தொல்லை தருவது விளக்குத்தான். அது எதைக் கண்டு எரிகிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. பிறர் பொருளைத் தீண்டாதவர்களும், நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர்களும் இப்படிக் கேட்கிறார்கள். தாம் ஒரு சாட்சியின் வாயை அடைக்கச் சொல்லுகிறோம் என்று அவர்களில் எவரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் துணிபு.

மதுரைக்கு மோட்டார் புதிதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கிய தொழில், தென்னாட்டின் பஸ் போக்குவரத்துக்கே ஒரு தோற்றுவாயாக அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமற் போன காலத்தில், அடுப்புக்கரியிலிருந்து பெறும் வாயுவைக் கொண்டே வண்டிகளை ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் செய்து அளித்தது. அக்காலத்தில் வண்டி ஓடினால் போதும். அது பின்னால் விட்டுச் செல்லும் காற்று யாருடைய சுவாசத்தில் புகுகிறது என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வி நம் நாட்டில் சட்டமாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1995 ஏப்ரல் முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் அதன் உட்பூச்சுக்கு நஞ்சாகையால், அந்நகரங்களில் ஈயமில்லாத பெட்ரோலும் உடன் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000ஆம் ஆண்டில். அதன் பிறகு 2010இலும் 2013இலும், வண்டி தன் புகையின் தூய்மையைத் தானே பரிசோதித்துக்கொண்டு, பழுது கண்டால் விளக்கேற்றிச் சொல்ல வேண்டும் என்ற விதி இரண்டு படிகளாக நடைமுறைக்கு வந்தது.

சைலன்சருக்கு முன்னால், எஞ்சினை அடுத்துப் புகைக்குழாயில் அமைந்திருக்கும் கன்வெர்ட்டரின் உள்ளே, தேனடையைப் போல் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற அரிய உலோகங்கள், எல்லாம் சேர்ந்து சில கிராம் அளவே, பூசப்பட்டிருக்கின்றன. எரிந்து முடியாத எரிபொருளையும், நிறமும் மணமும் இல்லாமல் இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பற்றிக்கொண்டு உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடையும் அது நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுரையீரலைப் புண்படுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து, நாம் எந்நேரமும் சுவாசிக்கும் நைட்ரஜனாகவே திருப்பித் தருகிறது. இத்தனையையும் செய்யும்போது அவ்வுலோகங்கள் தாம் செலவாவதில்லை. ஆனால் இம்மூன்று தொழிலும் ஒருங்கே நடைபெற வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிறழாதிருக்க வேண்டும். அதைக் காப்பதற்காகவே கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் வைக்கப்பட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த அக்கருவி 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவை முகர்ந்து, கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுமாக அது மின்னழுத்தத்தைக் காட்ட, வண்டியிலுள்ள கணினி அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருக்கிறது.

பின்னாளில் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் வந்தது. முன்னால் இருப்பது தொழிலில் ஈடுபட்டது: ஊசலாடுகிறது, கலவையை மாற்றச் செய்கிறது, மாறியதன் பயனை மறுகணமே தான் நுகர்கிறது. பின்னால் இருப்பதோ, நடந்து முடிந்த வினையின் பயனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கன்வெர்ட்டர் நலமாயிருந்தால், அதனுள் பூசிய சீரியம் ஆக்சைடு மிகுந்த பிராணவாயுவை வாங்கி வைத்துக் குறைந்தபோது கொடுத்து விடுவதால், முன் சென்சாரின் ஊசலாட்டம் பின் சென்சாரை எட்டுவதில்லை. அது அசையாமல் ஒரு நிலையில் நிற்கும். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் வாழ, ஒன்று கனியைத் தின்ன, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முண்டக உபநிஷதம் சொன்ன உருவகத்தை இக்கருவியைச் செய்தவர்கள் அறிந்திருப்பார்களோ இல்லையோ, வினைப்படுவோன் ஒருவனும் விலகி நின்று பார்ப்பவன் ஒருவனும் இருந்தால்தான் உண்மை விளங்கும் என்பதை அவர்களும் தம் வழியில் கண்டுகொண்டார்கள்.

பார்ப்பவன் அசையத் தொடங்கினால், அதாவது பின் சென்சாரும் முன்னதைப்போலவே ஊசலாடினால், கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று கணினி முடிவு செய்து, பி0420 என்ற குறியை எழுதி வைத்து விளக்கை ஏற்றுகிறது. புதிய கன்வெர்ட்டரின் விலை பெரிது. பழைய வண்டிக்கு அது வண்டி விலையிலேயே ஒரு பெரும்பங்காகி விடும். ஆகவே மலிவான வழிகள் புறப்பட்டிருக்கின்றன. பின் சென்சாரைக் குழாயிலிருந்து சற்றே வெளியே இழுத்து நிறுத்த ஸ்பேசர் என்ற ஓர் இடைத்துண்டைத் திருகிவிட்டால், புகை அதை நேரே தீண்டாது. கன்வெர்ட்டர் நலமாயிருக்கிறது என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு, வெறுங்குழாயை வைத்துப் பற்றவைத்து, கணினியின் நினைவிலிருந்து அந்தப் பரிசோதனையையே நீக்கிவிடுவதும் உண்டு. வண்டி முன்போலவே ஓடும்; இழுப்புக்கூட மிகுந்ததுபோல் தோன்றும். பின்னால் ஸ்கூட்டரில் வரும் பெண்ணும், பழங்காநத்தம் சந்திப்பில் பகலெல்லாம் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், திருப்பரங்குன்றத்தின் நடைபாதையில் பூக்கட்டி விற்பவரும் சுவாசிக்கும் காற்று மட்டும் மாறியிருக்கும்.

இதனைச் சிறு மக்களின் சிறு தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றான வோக்ஸ்வேகன், பரிசோதனை நடக்கும்போது மட்டும் டீசல் புகையைத் தூய்மையாக்கிச் சாலையில் ஓடும்போது விட்டுவிடும்படி கணினி நிரலை அமைத்திருந்தது என்பது 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. அந்நிரல் ஏறிய வண்டிகள் உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேல். யாரேனும் பார்க்கும்போது ஒழுக்கமும் பார்க்காதபோது வேறொன்றுமாக நடப்பதற்குத் திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வகை வஞ்சகனுடைய உடம்பில் கலந்திருக்கும் ஐம்பூதங்களே அவனைக் கண்டு உள்ளுக்குள் நகைக்கும் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் வைத்த கருத்து. ஐம்பூதங்களில் ஒன்று காற்று. சைவ சமயத்தில் காற்று பூதம் மட்டுமன்று; நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் அட்டமூர்த்தங்களுள் ஒன்றாய் இறைவனுக்கே திருமேனி. காளத்தியில் வாயுலிங்கத்தைத் தொழுது, சந்நிதியில் தானே அசையும் தீபச்சுடரைக் கண்டு கண்ணீர் பெருக்கித் திரும்பும் அன்பர், அந்தத் திருமேனியில் தம் வண்டி நஞ்சை உமிழ்வதைச் சொல்லும் விளக்கை அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வாரானால், அவருடைய பக்தியில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இனி, சாட்சியின் வாயை அடைப்பது பாவமென்றால், அது சொல்லியதை அப்படியே நம்புவது புண்ணியமாகிவிடுமா? இங்கேதான் விசாரணை நுட்பமாகிறது. நல்ல மனமுடையவர்கள் பெரிதும் தவறுவதும் இங்கேதான். கணினி எழுதிய குறியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பி0420 என்று கண்டவுடன் கன்வெர்ட்டரை மாற்றுவதும், சென்சாரின் பெயர் குறியில் வந்துவிட்டால் சென்சாரை மாற்றுவதும் ஒர்க்‌ஷாப்புகளில் நாள்தோறும் நடக்கின்றன. புதிய பாகத்தோடு வெளியேறிய வண்டி, மறுபடியும் அதே விளக்கோடு திரும்பி வருகிறது. குறி சொன்னது வேறு. கேட்டவர் கேட்டுக்கொண்டது வேறு. கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே காணப்பட்டது என்பதே பி0420 சொல்லும் செய்தி. காரணம் இன்னதென்று அது சொல்லவில்லை. சென்சாருக்கு அருகில் புகைக்குழாய் இணைப்பின் கேஸ்கெட் வெடித்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் அந்தக் குறி வரலாம். முன்னால் ஒரு ஸ்பார்க் பிளக் செவ்வனே எரிக்காமல் விட்டதனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அந்தப் பீங்கானையே உருக்கியிருக்கலாம். அப்போது கன்வெர்ட்டரை மாற்றிப் பிளக்கை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் அழியும். காற்று மிகுந்தது என்று சொல்லும் பி0171 வந்தால் சென்சார் பொய் சொல்லுகிறது என்று கருதிவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுவரும் ரப்பர்க் குழாயில் விழுந்த வெடிப்பைச் சென்சார் உள்ளபடி அறிவித்திருக்கக்கூடும். அவ்வாறானால் உண்மை சொன்ன சாட்சியையே கழற்றி எறிந்தவர் ஆகிறோம்.

மதுரையின் தலபுராணத்தில் இதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு வரலாறு இருக்கிறது. பரஞ்சோதி முனிவருடைய திருவிளையாடற் புராணத்தில் பழியஞ்சின படலம் என்று அதற்குப் பெயர். திருப்பத்தூரிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரைக்கு வந்துகொண்டிருந்த அந்தணர் ஒருவர், மனைவியை ஓர் ஆலமரத்தின் நிழலில் இருத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் செல்கிறார். முன்னொரு நாள் யாரோ எய்து அம்மரத்தின் கிளையில் சிக்கியிருந்த அம்பு, காற்று அசைத்த வேகத்தில் கீழே விழுந்து அவளைக் கொன்றுவிடுகிறது. அதே மரத்தின் மறுபுறத்தில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றவன் ஒரு வேடன். கையில் வில், அருகில் பிணம், அதில் தைத்த அம்பு. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு எது வேண்டும்? அந்தணர் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய பாண்டியன் அவையில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தண்டனை செய்தும் வேடன் ஒப்புக்கொள்ளாததைக் கண்ட குலோத்துங்க பாண்டியனுக்கோ அது போதவில்லை. தன் ஐயத்தை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல அஞ்சி, சோமசுந்தரக் கடவுளிடம் முறையிடுகிறான். வணிகர் தெருவில் ஒரு கலியாண வீட்டுக்கு அந்தணரோடு மாறுவேடத்தில் போகுமாறு அருள்வாக்குப் பிறக்கிறது. மணமகன் உயிரைக் கொண்டுபோக வந்த எமதூதர் இருவர், அம்பை விழச்செய்து ஒருத்தியைக் கொண்டுபோனதைத் தமக்குள் பேசிக்கொள்வதை அங்கே அவர்கள் கேட்கிறார்கள். பேசியபடியே மணமகனும் மடிய, வேடன் விடுதலை பெறுகிறான். பாண்டியனைப் பெருமைப்படுத்துவது அவன் பெற்ற அருளைவிட, அருளை நாடும்படி அவனைத் துரத்திய அந்த ஐயமே என்று நான் கருதுகிறேன். பிணமும் அம்பும் பொய் சொல்லவில்லை. அவை கொலையைச் சொல்லின, கொலையாளியைச் சொல்லவில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமைக்குத்தான் நீதி என்று பெயர். அது இல்லாமையால் வேடன் உயிரிழக்க இருந்தான். ஒர்க்‌ஷாப்பில் குற்றமற்ற கன்வெர்ட்டர்கள் கழற்றப்படுகின்றன.

புகையைக் கண்டு நெருப்பை அநுமானிப்பது நம்நாட்டுத் தருக்கர்களுக்கு எல்லோரும் எடுத்தாளும் உதாரணம். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தம் மணிமேகலையில், அறவண அடிகளின் வாய்மொழியாக அநுமானத்தின் குற்றங்களை வகை வகையாக அடுக்கும்போது, தோன்றுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் நீங்காமலே அதனைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவதையும் ஒரு குற்றமாக எண்ணுகிறார். நையாயிகர்கள் மற்றொரு திசையிலும் எச்சரித்தார்கள்: புகை இருந்தால் நெருப்பு உண்டென்று கொள்ளலாம், நெருப்பு இருந்தால் புகை உண்டென்று கொள்ளலாகாது, ஏனெனில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈரவிறகு என்ற நிபந்தனை சேரும்போதுதான் நெருப்பு புகைக்கிறது. என் வண்டியிலிருந்து புகையே வரவில்லை, பின்னே இந்த விளக்கு எதற்கு என்று வாதிடுகிற அன்பருக்கு அந்த இரும்புக் குண்டே விடை. கண்ணுக்குப் புலப்படாத நஞ்சுக்குக் கண் பிரமாணமாகாது. அதனால்தான் புகைக்குழாயினுள்ளே வேறொரு பொறியை வைக்க நேர்ந்தது.

அந்தப் பொறியின் பின்னாலிருக்கும் கணினி எவ்வளவு நிதானத்தோடு குற்றஞ்சாட்டுகிறது என்பதை அறியும்போது எனக்கு வியப்பும் மரியாதையும் உண்டாகின்றன. பெரும்பாலான வண்டிகளில், ஒருமுறை கண்ட குறையை அது உடனே அறிவிப்பதில்லை. குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே குறை கண்டால்தான் விளக்கை ஏற்றுகிறது. எஞ்சினின் வேகம், சூடு, பாரம் முதலிய நிலைமைகளையும் குறை தோன்றிய கணத்தில் இருந்தபடியே எழுதி வைக்கிறது. பழுது உண்மையாகவே நீங்கி, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை காணாவிட்டால், யாரும் சொல்லாமலே விளக்கை அணைத்துவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்து மீண்டும் சூடேறும் முறை நாற்பது நிறைந்தால் எழுதிய குறியையும் அழித்துவிடுகிறது. எஞ்சின் எரிக்காமல் விட்ட பெட்ரோல் கன்வெர்ட்டரையே அப்போதைக்கப்போது அழித்துக்கொண்டிருக்கும் அபாயத்தில் மாத்திரம் அது பொறுப்பதில்லை. விளக்கு மின்னி மின்னி எரியும், அப்போது வண்டியை மெல்ல ஓட்டி விரைவில் நிறுத்துவதே முறை. காஞ்சியில் கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தருடைய ஏட்டைப் பற்றியும், மனிதனின் இருபுறமும் இருந்து எழுதும் வானவரைப் பற்றி இஸ்லாமியர் சொல்வதைப் பற்றியும் நாம் கேட்டிருக்கிறோம். 1845ஆம் ஆண்டிலேயே இந்தப் பசுமலைக்கு வந்துவிட்ட அமெரிக்க மிஷனின் குருத்துவக் கல்லூரியிலும் பாவ உணர்ச்சியும் மனமாற்றமும் தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டிருக்கும். எந்தச் சமயத்திலும் கணக்கு உண்டு, திருந்தியவனுக்குக் கணக்கு அழிவதும் உண்டு. திருந்தாதவன் தானே ஏட்டை வாங்கி அழித்துக்கொள்ள எந்தச் சமயமும் இடங்கொடுக்கவில்லை. ஸ்கேனரின் ஒரு பொத்தான் அந்த இடத்தை நமக்குக் கொடுக்கிறது. பழுதைப் பாராமல் அப்பொத்தானை அழுத்தினால் குறியோடு, பரிசோதனைகள் முடிந்தன என்ற பதிவும், குறை தோன்றிய கணத்தின் விவரமும் சேர்ந்து அழிகின்றன. நாளைக்கு உண்மையாகவே பழுதைத் தேட வருபவருக்குத் தடயம் ஒன்றும் எஞ்சுவதில்லை.

வறுமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த விசாரணையை முடிப்பது நியாயமாகாது. கடன் வாங்கிய பழைய காரை வாடகைக்கு ஓட்டி, மாட்டுத்தாவணிக்கும் விமான நிலையத்துக்கும் இடையே பிழைப்பு நடத்தும் ஒருவரிடம், கன்வெர்ட்டரை உடனே மாற்றாதது அதருமம் என்று வாய்கூசாமல் சொல்ல என்னால் ஆகாது. பணமில்லாமையால் காலம் தாழ்த்துவது வேறு. ஸ்பேசரைத் திருகிவிட்டுப் பழுதே இல்லை என்று தனக்கும் பிறருக்கும் சொல்லிக்கொள்வது வேறு. முன்னதில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கடன் கடனாக நிற்கிறது. அதோடு, குறி சுட்டும் காரணங்களுள் மலிவானவற்றை முதலில் ஆராய்ந்தால், கேஸ்கெட்டோ பிளக்கோ சென்சாரின் சூடேற்றிக்குரிய பியூஸோ மாற்றியதோடு காரியம் முடிந்துவிடுவதும் உண்டு. அப்படி ஆராய்வதற்கு மெக்கானிக்குக்கு அரைநாள் ஆகிறது. பாகத்தை மாற்றினால் அவருக்கு இலாபம் உண்டு, ஆராய்ந்தால் கூலி தருவார் இல்லை. ஆராய்ச்சிக்கென்று தனியே கூலி கேட்கும் மெக்கானிக்கோடு பேரம் பேசாதிருப்பது, வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய தருமங்களுள் ஒன்றென்று நினைக்கிறேன்.

பின் சென்சாரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் சாட்சி என்று மேலே சொன்னேன். அத்வைத நூல்கள் கூறும் சாட்சி சைதன்யத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது: தான் எதனையும் செய்யாமல், செயல் யாவும் தன்முன் விளங்க நிற்பது அது. எனினும் இக்கால வண்டிகள் பலவற்றில் அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. முன் சென்சார் ஆண்டுகள் பலவாகச் சூட்டிலும் கரியிலும் கிடந்து சற்றே பிறழ்ந்துபோனால், அந்தப் பிறழ்ச்சியைப் பின் சென்சாரின் நிலையிலிருந்து கணினி கண்டுகொண்டு, பெட்ரோலின் அளவை மிக மெல்லத் திருத்துகிறது. இதனைச் சைவ சித்தாந்தி தம் கொள்கைக்கு அரண் என்று கொள்வார். மெய்கண்ட தேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதத்தின்படி, கண் காண்பதற்கு உயிர் உடனின்று காட்டவேண்டியிருப்பதுபோல, உயிர் அறிவதற்கு இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உபகரிக்கிறான்; வெறுமனே பார்த்திருப்பது அவனுடைய இயல்பன்று. அத்வைதியோ, சென்சார் பெட்ரோலைத் தொடுவதே இல்லை, தொடுவது கணினிதானே என்று மறுப்பார். அதில் உண்மை இல்லாமலில்லை. நான் சித்தாந்தியின் பக்கம் சாய்கிறேன். உள்ளிருக்கும் சாட்சி பார்த்ததைச் சொல்வதோடு நின்றுவிடுவதாயின், பிறழ்ந்துபோன ஓர் அறிவு தன் பிறழ்ச்சியை எதைக்கொண்டு அறியும்? ஸ்பேசர் திருகிய வண்டியில் இந்த மெல்லிய திருத்தமும் பொய்யான செய்தியின்மேல்தான் நடைபெறுகிறது. பெட்ரோலின் அளவு நாளடைவில் கோணிப்போனாலும் அதை எடுத்துச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.